குடும்பம் என்பது

அக்காவின் போன் வந்தபோது சின்னவள் ஒரு தெருவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். நகரத் திட்ட அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்கு அதுதான் வேலை. கணினித் திரையில் ஊர் முழுவதும் கோடுகளாக விரிந்து கிடக்கும். குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, ஆலைகளுக்கு ஊதா. பள்ளி, மருத்துவமனை, காப்பகம் மாதிரியானவற்றுக்கு நீலம். எந்தத் தெருவுக்கு எந்த நிறம் என்பதை மேலே இருப்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். கோட்டைத் தாண்டாமல் நிறத்தை நிரப்பித் தருவது அவள் பாடு. பார்ப்பதற்குப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருந்தாலும், திட்டம் ஒருமுறை கையெழுத்தாகிவிட்டால் அதற்குப் பிறகு அந்த நிறத்தைச் சுரண்டி எடுக்க யாராலும் லேசில் முடியாது.

"உங்க ஆபீஸ்லருந்து ரெண்டு பேர் வந்தாங்கடி," என்றாள் அக்கா. "நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. டீ கூடக் குடிச்சாங்க. வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். இவங்கல்லாம் உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என் பிள்ளைங்கன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அதை அடிச்சிட்டாங்க."

சின்னவளுக்குக் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. அக்காவின் தெருவுக்குப் போன வாரம்தான் நிறம் நிரப்பியிருந்தாள். மஞ்சள்தான். நல்ல அமைதியான தெரு என்று அப்போது நினைத்ததுகூட ஞாபகத்துக்கு வந்தது.

அக்காவுக்கு ஒரே மகன். முப்பதை நெருங்கும் உடம்பு, நாலு வயதில் நின்றுபோன மனசு. அவனைப் பெரியவன் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். பிறந்தபோது வைத்த செல்லப்பெயர், பிறகு யாருக்கும் மாற்ற மனம் வரவில்லை. அவனைப் போன்றவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒரு குறிப்பிட்ட வயது வரைதான் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று பள்ளியைக் கேட்டால் அவர்களும் கையைத்தான் விரிப்பார்கள். அத்தான் இறந்து, பெரியவனும் பள்ளியை விட்டு வீட்டுக்கு வந்த சமயத்தில், அவனோடு படித்த ஒருவனுடைய அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். ஒரு வாரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. வந்தவன் தங்கிவிட்டான். பேச்சே கிடையாது, அதனால் அவனுக்கு மௌனி என்று பெயர் விழுந்தது.

அதன் பிறகு மாமா வந்தார். நாற்பது தாண்டியவர், பார்க்கும் எல்லோரையும், பால்காரப் பெண்ணைக்கூட, மாமா என்று கூப்பிடுவார். அடுத்து வானொலி, விடிந்தது முதல் பொழுது அடையும்வரை வானிலை அறிக்கை வாசிப்பான், சில நாள் மழை வரும் என்று அவன் சொல்வது பலித்தும் விடும். கடைசியாக டிரைவர். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க பஸ் ஓட்டுவான். அவன் வாயால் அடிக்கும் ஹார்னைக் கேட்டு தெருவில் போகிற சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்.

அக்கா இதற்கெல்லாம் பெயர்ப்பலகை வைக்கவில்லை. காலையில் எல்லோருக்கும் பல் தேய்த்துவிடுவாள், ஷேவ் செய்துவிடுவாள், சட்டைப் பொத்தானை ஒவ்வொருவராக நிறுத்திப் போட்டுவிடுவாள். கூடமாட ஒரு அம்மாள் வருவாள். பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள் என்று யாராவது விடுமுறை நாட்களில் காரில் வந்து பார்த்துப் போவார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஏதாவது முணுமுணுத்தால், "எங்க சின்னவ அந்த ஆபீஸ்லதான் இருக்கா, அவளுக்குத் தெரியாதா," என்று அக்கா வாயை அடைத்துவிடுவாள். சின்னவள் இதைக் கேட்கும்போதெல்லாம் சிரித்து வைப்பாள். அலுவலகத்தில் தன்னுடைய நாற்காலியின் உடைந்த கையைக்கூட அவளால் மாற்றி வாங்க முடிந்ததில்லை என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது.

மறுநாள் திட்ட அதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தானே எழுந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். தனி வீட்டுக் குடியிருப்பு மண்டலத்தில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம் மட்டும் வசிக்கலாம். குடும்பம் என்பது இரத்தத்தாலோ, திருமணத்தாலோ, தத்தெடுப்பாலோ உறவுடையவர்கள். அவர்களுடன் உறவில்லாதவர்கள் இருவருக்கு மிகாமல் இருக்கலாம். அதற்கு மேல் போனால் அது வீடு ஆகாது, காப்பகம். காப்பகத்துக்கு நீல மண்டலத்தில்தான் இடம்.

"இந்த வரிய நாங்க சும்மா எழுதலம்மா," என்றார். "வீட்ட வாங்கி, அறைக்குப் பத்துக் கட்டில் போட்டு, வேலைக்கு வர்ற ஆளுங்கள அடைச்சு வாடகைக்கு விட்டாங்க. ஒரு வீடு தீப்பிடிச்சது. வெளிய வர வழியில்லாமப் போச்சு. அதுக்கப்புறம்தான் இப்படி எழுதினோம். எழுதறப்ப உங்க அக்கா எங்க மனசுல இல்ல."

"இப்ப இருக்காங்களே சார்."

"இப்ப வரி இருக்கேம்மா."

ஆட்சேபம் வந்திருக்கிறது, அலுவலகம் தானாக எடுத்த நடவடிக்கை இல்லை என்று விளக்கினார். பொதுக்கூட்டத்தில் விலக்குக் கேட்டு அக்கா பேசலாம் என்றார். நீல மண்டலத்தில் இடம் இருக்கிறதா என்று சின்னவள் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும். புறவழிச்சாலையோரம், குளிர்பதனக் கிடங்குக்குப் பக்கத்தில், லாரிகள் திரும்பும் இடம். அங்கே நீலம் நிரப்பியதும் அவள்தான்.

ஆட்சேபம் கொடுத்தவர் எதிர்வீட்டுக்காரர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் பெரியவனுக்கு வலிப்பு கண்டு நுரை தள்ளியபோது, கட்டிய வேட்டியோடு காரை எடுத்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதனால் அக்காவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "அவரா? அவர் கொடுத்திருக்க மாட்டார்டி. பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் நகராட்சி அரங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும்போது டக் டக்கென்று சத்தம் போடும் மின்விசிறி, மேடையில் நீளமான மேஜை. சுவரில் திரை. அந்தத் திரையில் வரைபடத்தைக் காட்டும் பொறுப்பு சின்னவளுக்கு. வேறு யாரையாவது போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பிரிவில் இருப்பதே அவளும் பிரசவ விடுப்பில் போயிருக்கும் ஒருத்தியும்தான். அதனால் அக்கா கீழே முதல் வரிசையிலும் தங்கை ஓரமாகக் கணினிக்குப் பின்னாலும் உட்கார்ந்தார்கள். அக்கா விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தங்கை கண்ணில் பட்டதும், எல்லாம் பார்த்துக்கொள்வாய் அல்லவா என்பது போலத் தலையை லேசாக ஆட்டினாள்.

"அந்த மனையைக் காட்டுங்கம்மா," என்றார் அதிகாரி.

அவள் பெரிதாக்கினாள். தெரு அருகே வந்தது, பிறகு வீடு. மஞ்சளுக்குள் ஒரு சின்னச் செவ்வகம். துணி உலர்த்த அக்கா பின்பக்கம் போட்டிருந்த தகரக் கூரைகூட மேலிருந்து எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கண்டதும் மேஜையில் இருந்த ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். சின்னவள் அவசரமாகப் படத்தைக் கொஞ்சம் சுருக்கினாள். காலம் கடந்துவிட்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் கெட்டவன் இல்லம்மா. உங்களுக்குத் தெரியும். நீங்க செய்யறது யாராலயும் முடியாத காரியம். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. என் பொண்ணு பிரசவம் ஆகி வந்திருக்கா. குழந்தை கண்ண மூடினா அந்த ஹார்ன் சத்தம். பதறிப் பதறி முழிக்குது. அவளும் தூங்கல, என் வீட்டுக்காரியும் தூங்கல. அந்தப் பையன்கிட்டப் போய் நான் என்னன்னு சொல்ல முடியும்? அவனுக்குப் புரியாது. உங்ககிட்டச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, வாயக் கட்டுவீங்களா? அதனாலதான் இங்க வந்தேன். வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல."

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அடுத்துப் பேசியவர்களும் அப்படித்தான். ஒவ்வொருவரும் அக்காவைத் தெய்வம் என்றார்கள், தாய் என்றார்கள், பிறகு ஆனால் என்றார்கள். விடுமுறை நாளில் வாசலை அடைத்து நிற்கும் கார்கள். நாளைக்கு இன்னொருவர் இதையே காரணம் காட்டி விடுதி நடத்தினால் என்ன செய்வது என்ற பயம். ஒருத்தி மட்டும் அழுதுவிட்டாள். அவளும் கடைசியில் எதிராகத்தான் பேசினாள்.

அக்கா ஒலிவாங்கியிடம் போனாள். இரண்டு நாளாக என்ன பேசுவது என்று தங்கையிடம் போனில் ஒப்பித்துப் பார்த்திருந்தாள். விலக்கு, பிரிவு, மனிதாபிமான அடிப்படை என்றெல்லாம். அங்கே போய் நின்றதும் அதெல்லாம் மறந்துபோனது.

"அவங்க சத்தம் போடறது எனக்கும் தெரியும்," என்றாள். "எனக்கு அது பழகிப்போச்சு. மத்தவங்களுக்கும் பழகியிருக்கும்னு நினைச்சிட்டேன்."

அவ்வளவுதான். தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். மேஜையில் இருந்தவர்கள் தலைகளை ஒன்றாகச் சேர்த்து மெதுவாகப் பேசினார்கள். விலக்கு தர விதியில் இடமில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிறபடி உறவில்லாத இருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. ஏதோ கொடுத்துவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது. அந்த நிம்மதியைச் சின்னவளால் வெறுக்கவும் முடியவில்லை.

அன்று மாலை அக்காவின் சமையலறையில் இரண்டு பேரும் நின்றார்கள். கூடத்தில் வானொலி கடலோர மாவட்டங்களில் லேசான காற்று வீசும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"யாருன்னு நீயே சொல்லு," என்றாள் அக்கா.

"என்னை ஏன்க்கா கேக்கற?"

"நீதான ஆபீஸ்காரி. உங்க ஆபீஸ்தான ரெண்டுன்னு சொல்லுது." குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் இவங்களுக்குச் சோறு போட்டிருக்கேன், மலம் அள்ளியிருக்கேன். அதெல்லாம் பண்ணத் தெரியும். இது தெரியல."

கடைசியில் யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. மௌனியையும் மாமாவையும் கூட்டிப்போக ஆள் இல்லை, அதனால் அவர்கள் தங்கினார்கள். வானொலியின் அப்பா, எண்பதைத் தொட்ட மனிதர், வாடகைக் கார் பிடித்து வந்து மகனை வெகுதூரத்தில் ஒரு இல்லத்துக்குக் கூட்டிப்போனார். வானொலி காரில் ஏறும்போது அக்காவிடம், நாளை வானம் தெளிவாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். டிரைவரின் அண்ணன் சில தெருக்கள் தள்ளி ஒரு அடுக்குமாடியில் இருந்தான். அவன் வந்து தம்பியின் தோளைத் தொட்டதும் டிரைவர் தரையில் உட்கார்ந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன், அவன் பிடித்து வந்த வாடகைக் காரை ஓட்டியவர், சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் மூன்று பேரும் சேர்ந்துதான் அவன் விரல்களைப் பிரிக்க முடிந்தது. அக்கா அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அதன் பிறகு அக்கா தங்கையிடம் போனில் அதிகம் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் வரும். பெரியவன் சாப்பிட்டானா, சாப்பிட்டான். மாமாவுக்கு ஜுரம் விட்டதா, விட்டது. தங்கையின் அலுவலகத்தைப் பற்றி அக்கா யாரிடமும் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சின்னவள் பழம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். தெரு திரும்பும்போதே பார்த்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே டிரைவர் நின்றுகொண்டிருந்தான். தனியாக நடந்து வந்திருக்கிறான். காலில் செருப்பு இல்லை, சட்டைப் பொத்தான்கள் மாறிமாறிப் போட்டிருந்தன. இரண்டு கைகளாலும் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்து, தெரிந்தவர்களைப் பார்க்கும் சிரிப்பைச் சிரித்தான்.

உள்ளே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா அங்கேதான் நின்றிருந்தாள், முகத்தைத் திருப்பாமல்.

"அக்கா, கேட்டத் திற."

"திறக்க மாட்டேன்டி." குழாய் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது. "திறந்தா உள்ள வந்துடுவான். வந்தா மறுபடி அனுப்பணும். அது இன்னொரு தடவை என்னால ஆகாது. அவங்க அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன், வந்துட்டிருக்கான்."

சின்னவள் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். வெளியிலிருந்து கையை விட்டு நீக்கக்கூடியதுதான். கையை நீட்டவும் செய்தாள். டிரைவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், நல்ல இறுக்கமாக. பெரிய பெரிய துளிகளாக மழை ஆரம்பித்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரர் கருப்புக் குடையோடு தெருவைக் கடந்து வந்தார். குடையை விரித்து டிரைவரின் தலைக்கு மேலே பிடித்தார். டிரைவர் அவரைவிட உயரம், அதனால் அவர் கையை நன்றாகத் தூக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் சின்னவளைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், பிறகு தெருக்கோடியைப் பார்த்தார். உள்ளே குழாய் நின்றது. ஜன்னலில் யாரும் இல்லை. தூக்கிய கை தளர்ந்து குடை மெல்லக் கீழே இறங்கும்போதெல்லாம் டிரைவர் குனிந்துகொண்டான், அவர் மறுபடி உயர்த்தினார், அவன் மறுபடி நிமிர்ந்தான்.