கூழ் ஊற்றிய அன்று வந்தது

அன்று கத்தியது நான்தானா? கங்கம்மா அம்மன் என்மேல் வந்திருந்தால் எனக்கு ஒன்றும் நினைவிருக்கக் கூடாதே. எல்லாம் நினைவிருக்கிறதே.

பிரேமலதா அரிசி களைந்துகொண்டிருந்தாள். போன ஆடியில், கூழ் ஊற்றிய அன்று, வரதய்யபாளையத்து நிலத்தைக் கம்பெனிக்கு விற்க வீட்டு ஆண்கள் பேசி முடித்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கூழ்ப்பானையைத் தள்ளிவிட்டாள். தலைமுடி அவிழ்ந்தது.

"மண்ண வித்துட்டு எங்கடா போய் நிப்பீங்க? நாய்ங்களா!"

மருமகள், கணவனின் அண்ணனான மூத்தாரை 'டா' போடுவாளா? அம்மன்தான் என்று மூத்தார் பச்சையப்பன் அவள் காலில் விழுந்தார்; மற்ற ஆண்களும் விழுந்தார்கள். மாமியார் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கையில் வேப்பிலையைத் திணித்தாள். விற்பனை நின்றது. பிரேமலதா எதையும் மறுக்கவில்லை.

அதன்பின் தூக்கம் போயிற்று. தட்டு விழுந்தால்கூடத் திடுக்கிட்டு எழுந்தாள். திருப்பதி டாக்டரம்மா சொன்னார்: "கோவம் வந்தா, மூளையில ஆபத்தைப் பாக்கற இடம் முதல்ல எழுந்துடும்மா. யோசிக்கற இடம் பின்னாடிதான் வரும். மூச்சை மெல்ல விடு, அது வந்து சேரட்டும்."

மூச்சை அப்படி விட்டுப் பழகினாள். தூக்கம் திரும்பியது. ஆனால் இப்போதெல்லாம் உள்ளே ஏதோ எழுகிறது, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறது. இது நிம்மதியா, வெறுமையா? அவளுக்குப் பிடிபடவில்லை.

கணவன் முரளிதரன் வேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றான்.

"ஏம்மே, கம்பெனில ரேட்டு ஏத்திட்டாங்க. அம்மன் உத்தரவு இல்லாம விக்கமாட்டேன்னு அண்ணன் ஒக்காந்துகினு கீறான்."

"அதுக்கு?"

"இன்னிக்கு கூழ் ஊத்தறோம்ல. கொஞ்சம் ஆடிட்டு, வித்துடுங்கடான்னு சொல்லிடு."

"அன்னிக்கு வந்தது அம்மன் இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? என்னப் பாத்துதான நாயின்னு சொன்ன. அம்மனுக்கு நான் இன்னா செஞ்சேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நீ ஏன் கால்ல வுழுந்த?"

"எல்லாரும் வுழுந்தாங்க."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது தன் கோபம் என்று தெரிந்தும், ஒரு வருஷமாக ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே அது எழுந்தது. மூச்சை மெல்ல விட்டாள். இம்முறை அது உட்காரவில்லை. இதற்குக் கோபம் என்றுதான் பெயரா?

அவன் வேப்பிலையை நீட்டினான். ஈரக் கையை அவள் புடவையில் துடைத்துக்கொண்டாள், வாங்கவில்லை.

"எனக்கு ஆட வராது," என்றாள், குரல் உயராமல். அரிசியை உலையில் போட்டாள்.