அங்கிளுக்கு என்ன பிடிக்கும்

இந்த முறையாவது பயிற்சி ஆசிரியை டிஃபனி பேசாமல் நிற்கவேண்டுமே, போன தடவை பிள்ளைகள் திணறிய இடத்திலெல்லாம் இவளே விடையை எடுத்துக் கொடுத்தாள், இன்றும் அப்படிச் செய்தால் பயிற்சியில் தேற வைக்க முடியாது... தோட்டப் பள்ளியின் கடைசி வரிசையில் அமர்ந்து யோகேஸ்வரி தவித்துக்கொண்டிருந்தாள், விரிவுரைஞர் வேலையில் இதுதான் கசப்பு, பிடித்த பெண்ணையும் தோற்கடிக்க வேண்டிவரும். சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் மூடுபனி, ரிங்லெட் மலைப்பாதை வளைவுகளில் இன்று அவளே காரை ஓட்டி வந்தாள், எப்போதும் கணவர் தினேஸ்வரன்தான் ஓட்டுவார், அவர் போய்ச் சில மாதம் ஆகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான், எப்படி ஆச்சு, கடைசியில் பேசினாரா...

விருந்தாளியிடம் ஆங்கிலத்தில் விசாரித்து, கியா பார்ம் காய்கறிச் சந்தையில் என்ன வாங்கி என்ன சமைப்பது என்று பிள்ளைகளே முடிவெடுக்க வேண்டும், மொழி பிசகலாம், காரியம் நடக்க வேண்டும், அதுதான் பாடம், விருந்தாளி யோகேஸ்வரி. முதலில் வந்தவள் திலகா. "டீச்சர், யுவர் ஹவுஸ், ஹவ் மெனி பீப்பிள்?" "டூ," என்றது வாய், சொன்ன பிறகுதான் நெஞ்சு திடுக்கிட்டது, ஐயோ, எத்தனை வருடப் பழக்கம்... துக்கத்துக்கு வந்துபோன டிஃபனி முகம் வெளுத்து ஓரடி முன்னால் வைத்தாள், வேண்டாம்மா, நீ வாயைத் திறந்தால் பாடமும் போச்சு, எனக்கு அழுகையும் வந்துவிடும், யோகேஸ்வரி லேசாகத் தலையசைத்தாள், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அங்கிள் லைக் வாட்?" கோபிஸ், முட்டைக்கோஸை முட்டை போட்டு வதக்கினால் இரண்டாம் முறை கேட்பார், சொல்லச் சொல்ல ஆங்கிலம் இத்தனை இலகுவாக வருகிறதே... "சிலி?" "நோ சிலி. போத் ஆஃப் அஸ்."

"அங்கிளுக்குக் காரம் வேணாமாம்லா!" திலகா வகுப்பைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பன்னா ஒன்னய அடுப்புக்கிட்டயே விடக்கூடாது, போன வாரம் நீ செஞ்ச சம்பல்ல எங்கண்ணன் அழுதுட்டான்!" என்றான் மகேன்.

வகுப்பு சிரித்தது, அவன் "நோ சம்பல், ஒன்லி கேபேஜ்" என்று சண்டைக்கு நிற்க, ஆங்கிலத்திலேயே வாக்குவாதம் பற்றிக்கொண்டது, டிஃபனி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மணி அடித்ததும் ஓடி வந்தாள். "சாரி மேடம்... நான் தடுத்திருக்கணும்."

"தடுத்திருந்தா ஃபெயிலாயிருப்ப லா. பாஸாயிட்ட. போய்ச் சாப்பிடு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள், போகட்டும், நல்லா இருக்கட்டும், அவர் எப்படிப் போனார் என்று கேட்காமல் என்ன சாப்பிடுவார் என்று கேட்ட இந்தப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்... காரம் எனக்குத்தானே ஒத்துக்காது, அவருக்கு? கல்யாணமான முதல் வாரம் என் தட்டைப் பார்த்துவிட்டு எனக்கும் வேணாம் என்றார், நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லையே...