தப்பில்லாத வாக்கியம்

பெயிண்ட் அடிக்கப் போன புருஷன் ஏணியோடு விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த நாலாம் நாள், சமையல்காரியின் படிப்பின் மேல் எஜமானியம்மாவுக்குத் திடீர் அக்கறை பிறந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் நனைந்துகொண்டிருக்கும் ஆட்டுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

ஏணி எஜமானி வீட்டு ஏணி, அவன் பெயிண்ட் அடித்ததும் அங்கேதான். படி ஒன்று விரிசல் விட்டிருப்பதைச் சமையல்காரியே இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "இந்த ஒரு சுவர் முடியட்டும்" என்றார் எஜமானர். இப்போது தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. தப்பு ஏணியில் என்று முடிவானால் ஆபரேஷன் செலவு அவர்கள் தலையில். அவன் எழுந்து நடப்பான். இல்லையென்றால் ஆயுசுக்கும் கட்டில்தான்.

"கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும், நமக்குள்ள என்ன?" என்றாள் எஜமானி. "விருந்தாளிங்க வந்தா நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசு. பணக்காரங்களை ரிச்னு சொல்லாதே, பொறாமைப்படற மாதிரி இருக்கும். அஃப்ளுவன்ட்னு சொல்லு. குடும்பத்துக்குச் சொல்லலாம், வீட்டுக்குச் சொல்லலாம், தெருவுக்கும் சொல்லலாம்."

பாத்திரம் கழுவி முடித்ததும் தினமும் பாடம். அந்த வார்த்தையை வைத்து எஜமானி சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மற்றதெல்லாம் பார்த்து எழுதுவதுதான், அர்த்தம் தெரியாது. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். கடைசி நாள் எஜமானி, "கீழே கையெழுத்துப் போடு. படிச்சவங்க அப்படித்தான் செய்வாங்க" என்றாள். அவள் பெருமையாகப் போட்டாள்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் பாடத்தை ஒப்பித்தாள்.

"நமக்கு எதுக்குச் சொல்லலாம் அந்த வார்த்தையை?" என்று கேட்டான் அவன்.

"நமக்கா? உங்க வாய்க்குச் சொல்லலாம்" என்றாள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விசாரணையில் அதிகாரி, அவள் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் தாளை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினார். "நான் வசதியான குடும்பத்தில் வேலை செய்கிறேன். அவர்கள் வீட்டு ஏணி நன்றாக இருந்தது. என் கணவர் அன்று குடித்திருந்தார்."

டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன் அவன்.

"ஐயோ, அது பாடம் சார்! அம்மா எழுதிக் காட்டினாங்க, நான் பார்த்து எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார்!"

"நான் எதுக்கு எழுதிக் காட்டணும்? அவளே கொண்டுவந்து கொடுத்தா" என்றாள் எஜமானி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவளை நம்பவே விரும்பினார். "சரிம்மா. இதுல அஃப்ளுவன்ட்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க பார்ப்போம்."

பேசாமல் இருந்திருக்கலாம். திருதிருவென்று விழித்திருந்தாலே போதும், புருஷன் எழுந்து நடந்திருப்பான். நாக்கில் சனி! கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்லப் பழக்கப்பட்டிருந்த நாக்கு அது.

"ஐ ஒர்க் ஃபார் அன் அஃப்ளுவன்ட் ஃபேமிலி" என்றாள்.

சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினாள். அதிகாரி, "தப்பே இல்லாம சொல்றீங்களேம்மா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, 'ஆங்கிலம் அறிந்தவர்' என்று எழுதினார்.