பன்னிரண்டு வாரம்

பூட்டிய இரும்பு கேட்டுக்கு முன்னால் மேளம் நின்றது. பாடையைத் தூக்கி வந்த நால்வரும் அதை இறக்கவில்லை. கேட்டைத் தாண்டித்தான் இறக்க வேண்டும் என்று தாய்மாமா குமரவேல் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

"உதயா, அந்த ஆர்டரை எடும்மா."

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டார்கள். உதயாவை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஹைகோர்ட் ஆர்டர் அவள் கையில் இருந்தது. அதைப் படித்தவளும் அவள் ஒருத்திதான்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் புது மனைப்பிரிவு. அதற்குள் ஓடிய தார் ரோடு முடிகிற இடத்தில் சுடுகாட்டுக் கொட்டகை இங்கிருந்தே தெரிந்தது. கேட் வந்த பிறகு செத்தவர்கள் எல்லாரும் மெயின் ரோட்டைச் சுற்றி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில்தான் போனார்கள். இப்போது பாடையில் கிடக்கிற அவளுடைய அப்பா தட்சிணாமூர்த்திதான் கேட்டை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டார். ஐந்து வருடம் தாம்பரத்தில் ரயில் ஏறிக் கோர்ட்டுக்குப் போய் வந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். வாட்ச்மேன் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"கோர்ட்டே சொல்லிடுச்சு சார்," என்றார் குமரவேல். "இவரு வாங்கின ஆர்டர். இவரையே வுட மாட்டேன்னா இன்னா நாயம்?"

"ஆர்டரைக் காட்டுங்க."

உதயா கவரைப் பிரிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சீக்கிரம்க்கா, தோள் போவுது," என்றான் தூக்கியவர்களில் ஒருவன். "பெரியப்பா இவ்ளோ கனமாவா இருந்தாரு?"

"கேஸ் ஜெயிச்ச கனம்டா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

வக்கீல் ஆபீஸிலிருந்து ஆர்டர் முதலில் அவள் போனுக்குத்தான் வந்தது. அன்று அப்பா டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தார். "இன்னாம்மா போட்டுக்கீது?" என்றார். நான்கு பக்க இங்கிலீஷ். இரண்டு முறை படித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டோம்பா."

அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போனார். தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இனிமேல் எவனும் சுத்திக்கினு போவ வேணாம் என்று வீடுவீடாகச் சொன்னார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். பதினோரு வாரம் போனது.

இன்ஸ்பெக்டர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்தார். மறுபடியும் படித்தார். நிமிர்ந்தபோது குமரவேலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"நீங்க இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"அப்ப நீங்களே சொல்லிடுங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். கெடு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை. கூட்டம் திரும்பிவிடும். மாமாவின் கை பாடை மூங்கிலைப் பிடித்திருந்தது. அப்பாவின் நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாய் வெயிலில் மினுங்கியது.

"கேட்டைத் தொறக்கணும்னு இதுல இல்ல மாமா," என்றாள். "அப்பா குடுத்த மனுவைத் தாசில்தார் பன்னெண்டு வாரத்துல பரிசீலிச்சு ஒரு முடிவு சொல்லணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மேளக்காரர் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். குமரவேல் அவள் அருகில் வந்தார்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா இது?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். "நான் அவர்கிட்ட..."

"மெள்ளப் பேசு," என்றார் அவர்.

பாடையில் அப்பாவின் தலை அவர்கள் பக்கம், கேட்கிற தூரத்தில் இருந்தது.

குமரவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "திருப்புங்கப்பா. ரோட்டாண்டயே போவலாம்."

தோள் மாற்றிக்கொண்டார்கள். பூவும் பொரியும் கேட் வரைக்கும் வந்து நின்றிருந்தன. அங்கிருந்து வேறு பக்கமாக இறைக்கத் தொடங்கினார்கள்.

உதயாவை வீட்டுக்குப் போகச் சொல்ல மறுபடியும் யாருக்கும் தோன்றவில்லை. அவள் முன்னால் நடந்தாள்.

மெயின் ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் ரோட்டின் நடுவில் போய் நின்று கையை நீட்டினாள். ஆர்டர் அந்தக் கையில்தான் இருந்தது.

பஸ் நின்றது.