எதிர்ப்புக்கு இரண்டு கை

நீள்மேசையின் தலைப்பக்கம் தலைவர். அவருக்கு வலக்கைப் பக்கம் நிறுவனத்தின் பொறியாளர், அடுத்து வழக்கறிஞர். எதிர்வரிசையில் டாக்டரம்மா, அவளை ஒட்டி, ஜன்னலோர நாற்காலியில் தத்துவப் பேராசிரியை. தொழில்நுட்பம் மனிதருக்குச் செய்யும் நியாய அநியாயங்களை ஆராய்வதே அவள் பிழைப்பு. அந்த நெறிமுறைக் குழுவில் அவளுக்குத் 'தத்துவம்' என்றே பெயர்.

அன்று அனுமதிக்கு வந்தது அந்த நிறுவனம் செய்த ஒரு மென்பொருள். நோயாளியின் குரலைக் கேட்டு, வலி நிஜமா நடிப்பா என்று சொல்லுமாம். அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று அதை வைத்து முடிவு செய்வார்களாம்.

அந்தக் குழுவில் எதிர்ப்புக்கு இரண்டு கை உயர வேண்டும். ஒற்றைக் கை என்றால் 'ஒருமனதாக' என்றே எழுதிவிடுவார்கள். யாரோ ஒருவர் முரண்டு பிடித்து வேலை கெடக்கூடாதென்று, குழு தொடங்கியபோது அந்த விதியை எழுதிக் கொடுத்ததே தத்துவம்தான். இருந்தும் அன்று அவளுக்குக் கவலையில்லை. டாக்டரம்மா படிக்கிற காலத்தில் அவளோடு விடுதியில் ஒரே அறையில் கிடந்தவள். "நீ தூக்குடி, அடுத்த நொடி என் கை மேல இருக்கும்" என்று முந்தின சாயங்காலம்தான் போனில் சொல்லியிருந்தாள்.

"வலி வந்தா எல்லாரும் கத்த மாட்டாங்க. வாயை மூடிக்கிட்டே சாகிறவங்களும் உண்டு," என்று சொல்லித் தத்துவம் கையைத் தூக்கினாள்.

டாக்டரம்மாவின் கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனது.

"என்ன தத்துவம் மேடம், கை வலிக்குதா?" என்றார் பொறியாளர். "நிஜமா நடிப்பான்னு மென்பொருளையே கேட்டுடலாமா?"

மேசையே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தாள். அதுதான் நெஞ்சில் தைத்தது. தலைவர் 'ஒருமனதாக' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

லிஃப்ட் வாசலில் டாக்டரம்மாவைப் பிடித்தாள் தத்துவம். "ஏன்டி?"

"எங்க ஆஸ்பத்திரியிலதான் முதல்ல வைக்கிறாங்க. அந்தப் பிரிவுக்கு என்னைத் தலைமையாப் போடுறாங்க. நேத்துச் சொன்னாங்க."

"என்கிட்ட பேசுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டாக்டரம்மா ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடி அழுத்தினாள். "முன்னாடி."

தத்துவம் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பல்கலைக்கழகத்தில் அவள் பதவிக்குப் படியளப்பதே அந்த நிறுவனம்தான். வாயைத் திறந்தால் பதவி போகும். திறக்காவிட்டால், இத்தனை வருடம் எழுதியதெல்லாம் அந்த மென்பொருளுக்கு நற்சான்றாகிவிடும். குழுவின் அனுமதி போய்ச்சேரும் சுகாதாரத் துறைக்கு எழுத உட்கார்ந்தாள்: நான் எதிர்த்தேன்; அதை மறைத்த விதி நானே எழுதியது; அந்த அனுமதியிலிருந்து என் பெயரை நீக்குங்கள்.

போன் அடித்தது.

"கோவம் வந்தா எழுத உட்கார்ந்துடுவியே," என்றாள் டாக்டரம்மா. "என் பேரை இழுக்காதடி."

"உன் பேரைச் சாட்சியாப் போட்டிருக்கேன். பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தவ நீதானே."

"உனக்கு அவ்வளவு கல்மனசா?"

"அவங்க உன்னைக் கேட்டா என்ன சொல்லணுமோ, அதை நீயே முடிவு பண்ணிக்கோ."

போனை வைத்தாள். கடிதத்தை மடித்து உறையிலிட்டு, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். படியிறங்கிப் போய், தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டாள்.