கை படாத செங்காந்தள்

செங்காந்தள் வெறும் பூவல்ல. முருகன் சூடியது, சங்கப் புலவர் பாடியது. அதைப் பயிரிடுபவன் உழவனல்ல, தமிழின் காவலன். இப்படி ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து மோகனூர்த் தோட்டத்து வாசலில் கட்டியிருந்தார் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி குழந்தைவேல். ஊரில் அதற்குக் கண்வலிப்பூ என்று பேர். அதன் விதைதான் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது, மூட்டுவலி மாத்திரைக்கு.

குழந்தைவேலுக்கு மாத்திரையெல்லாம் இரண்டாம்பட்சம். தை மாதம் தோட்டக்கலை அதிகாரி வந்து காய்ப்பைப் பார்த்து, 'முன்னோடி விவசாயி' பட்டத்துக்கு அவர் பேரை எழுதிப் போக வேண்டும். ஃப்ளெக்ஸில் அந்தப் பட்டத்தை முன்கூட்டியே போட்டாயிற்று.

பூத்த முதல் வாரமே வேலைக்காரி மாரக்காள் காலையில் வந்து, ஒரு பூவின் மஞ்சள் தூளை விரலில் எடுத்து இன்னொன்றின் நடுவில் தொட்டுவிட ஆரம்பித்தாள். இந்தப் பூவுக்குத் தேனீயை நம்ப முடியாது.

"ஏம்புள்ள, சாமிப் பூவை எச்சக் கையில தொடறே?"

"சோறே இன்னும் திங்கலீங்க மொதலாளி. தொடாட்டி காய் புடிக்காதுங்க."

"முருகன் புடிக்க வெப்பான்."

"அவருக்கு ரெண்டு பொண்டாட்டிங்க. இத்தனை பூவுக்கு நேரம் ஏதுங்க?"

அவளை வெங்காயக் காட்டுக்கு விரட்டிவிட்டு, 'பூவைத் தொடாதீர்' என்று இன்னொரு ஃப்ளெக்ஸ் கட்டினார். தானும் செருப்பைக் கழற்றிவிட்டே கொடிப் பந்தலுக்குள் போனார். பூக்கள் மரியாதையாகப் பூத்தன, மரியாதையாக வாடின.

நாளைக்கு அதிகாரி வருகிறார் என்று போன் வந்தபோது பந்தலில் கொடி இருந்தது, காய் இல்லை. நடும்போது குழந்தைவேல் கழித்துப் போட்ட விதைக்கிழங்குகளை மாரக்காள் தன் வீட்டு வேலியோரம் ஊன்றியிருந்தாள். அங்கே காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது.

குழந்தைவேல் அவள் வாசலில் போய் நின்றார்.

"மாரக்கா, காய் கொஞ்சம் வேணும்."

"ஏனுங்க, முருகன் குடுக்கலீங்களா?"

"பேசாம ஒரு கூடை குடு சாமி."

"எடுத்துக்குங்க. எல்லாம் எங் கை பட்டதுங்க, பரவால்லீங்களா?"

மறுநாள் அதிகாரி தேவிப்ரியா பந்தலுக்குள் நடந்து வந்தார்.

"நல்லாக் காய்ச்சிருக்குங்களே சார்! பூத் தொட்டு விட்டது யாருங்க?"

"நானேதானுங்க மேடம். ஒவ்வொரு பூவா."

தேவிப்ரியா ஒரு காயைத் திருப்பிப் பார்க்கப் பிடித்தார். காய் கையோடு வந்துவிட்டது. காம்பில் மாலை கட்டும் வாழைநார் முடிச்சு இருந்தது.