சாவகச்சேரியில் நின்றவர்

குகதாசன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வாங்கினான். பந்தல் தகரத்தின் இடுக்கால் விழுந்த மத்தியான வெயில் நல்லெண்ணெய்க்குள் ஒரு சின்னச் சூரியனாகக் கிடந்து ஆடியது. இறந்துபோன தகப்பனின் தலைக்கு எண்ணெயும் அரப்பும் முதலில் மூத்த மகன்தான் வைக்க வேண்டும்.

தம்பிராசா முப்பது வருடம் கப்பலோட்டியவர். போன தை மாதம் இதே வல்வெட்டித்துறை முற்றத்தில்தான் தாம்பாளம் நிறைய எண்ணெய் ஊற்றி வைத்தார். சூரியனின் உயரத்தை அளக்கக் கடல்விளிம்பு வேண்டும்; பனிவெளியில் அது தெரியாது. அந்தக் காலத்தில் துருவம் தேடிப் போனவர்கள் தட்டில் ஊற்றிய பாதரசத்தில் சூரியனைப் பார்த்தே, ஓரிரு மைலுக்கு மேல் பிசகாமல் இடம் கண்டார்கள் என்பது அவருடைய வாதம். "முடியுமெண்டு காட்டுறன்" என்று அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டுவிட்டார். "எண்ணெய் அசையாமல் நிக்குமட்டும் பொறுக்கோணும்" என்று எல்லோரையும் வாய்மூட வைத்தார். கோணம் அளக்கும் செக்ஸ்ரனால் சூரியனின் உயரத்தை அளந்து, குகதாசன் அச்சடித்துக் கொடுத்த சூரிய அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டார். விடை பதினொரு மைல் தெற்கே போய் விழுந்தது.

சனம் சிரித்தது. பலமாகச் சிரித்தவன் கணக்கு வாத்தியாரான குகதாசன்தான்.

"அப்பா இப்ப சாவகச்சேரியிலை நிக்கிறார். உங்கடை ஆக்கள் துருவத்துக்கும் இப்பிடித்தானே போனவை?"

"என்ரை கண் போயிட்டுது, தம்பி" என்றார் தம்பிராசா. செக்ஸ்ரனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு அதைத் தொடவேயில்லை.

அன்று பின்னேரம் குகதாசன் தான் கொடுத்த அட்டவணைத் தாளை மறுபடி பார்த்தான். தலைப்பில் முந்தின வருடம் இருந்தது; சூரியக் கணக்கோ வருடத்துக்கு வருடம் மாறும். தகப்பனின் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. சிரித்த வாயால் அதை எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று மாதம் போனது. நேற்று விடிய தகப்பனுக்கு மாரடைப்பு வந்து எல்லாம் முடிந்துவிட்டது.

சவப்பெட்டியருகே நின்ற கிறிஸ்ரோபர், தம்பிராசாவோடு ஒரே கப்பலில் வேலை செய்தவர், பெருமூச்சு விட்டார்.

"கடைசியிலை அண்ணைக்குக் கணக்குப் பிசகிப் போச்சு. போனிலை சொல்லி அழுதவர்."

"ஓம்" என்றாள் குகதாசனின் தாய் மகாதேவி. "சாகுமட்டும் தன்ரை கண்ணைத்தான் திட்டினவர்."

குகதாசனின் சட்டைப்பைக்குள் அந்தத் தாள் நாலாய் மடிந்து கிடந்தது. வாயைத் திறந்தான். சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் அன்றைக்குச் சிரித்த முகங்கள்.

"வையுங்கோ தம்பி, நேரம் போகுது" என்றார் குருக்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ, ஐயா. எண்ணெய் அசையாமல் நிக்கட்டும்."

எல்லோரும் பொறுத்தார்கள். கிண்ணத்துக்குள் சூரியன் ஆடிக்கொண்டே இருந்தது.